மாண்ட்ரியல் மசாலா: டிவியும் பாட்டும் வாடகைக்கு

ஆகஸ்ட் கடைசியில ஊர்ல இருந்து வந்து இறங்குற புதுப் பசங்க கேக்குற கேள்வி வரிசையா மூணு. பொன்னி அரிசி எங்க கிடைக்கும்? குளிர் கோட்டு இப்பவே வாங்கணுமா? வீட்டுல டிவிக்கும் பாட்டுக்கும் எதுக்குக் காசு கட்டலாம்? முதல் ரெண்டுக்கும் ஒரு வரியில பதில் சொல்லிடலாம் (பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் போ; அக்டோபர் வரைக்கும் பொறு). மூணாவதுக்கு ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியா போன்ல கதை சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. அதான் இந்த வார மசாலா.

முதல்ல ஒரு உள்ளூர் விஷயம். இந்த ஊர்ல வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூன் 30-ல முடியும். ஜூலை 1-ம் தேதி கனடா முழுக்க தேசிய தினம் கொண்டாடுவாங்க, மாண்ட்ரியல்காரங்க மட்டும் மெத்தையைத் தலையில தூக்கிட்டு மாடிப்படி இறங்குவாங்க. அன்னைக்கு எல்லாரும் உக்காந்து யோசிப்பாங்க: இந்த வீடு இன்னும் வேணுமா, இந்த வாடகை கட்டுபடி ஆகுமா, எதைத் தூக்கிட்டுப் போறது, எதைத் தெருவுல விட்டுட்டுப் போறது.

ஸ்ட்ரீமிங்கையும் அதே கண்ணாலதான் பாக்கணும்னு சொல்லுவேன். அங்க நாம படமும் வாங்கலை, பாட்டும் வாங்கலை. மாச வாடகைக்கு இருக்கோம், அவ்வளவுதான். வீட்டுக்காரர் வாடகையை ஏத்துவார், விதியை மாத்துவார், ஒருநாள் பூட்டையே மாத்துவார். இது தெரிஞ்சு எடுத்தா ஏமாற்றம் கம்மி.

வாடகை எப்படி ஏறுதுன்னு பாருங்க. நெட்பிளிக்ஸ் அமெரிக்காவைத் தாண்டி முதல்ல கால் வச்ச நாடு கனடாதான், 2010 செப்டம்பர்ல. அன்னைக்கு விலை மாசம் 7.99 டாலர், விளம்பரம் கிடையாது. 2025 ஜனவரியில விலை ஏத்தினப்போ அதே 7.99 டாலருக்குக் கிடைச்சது விளம்பரத்தோட வர்ற திட்டம். விளம்பரம் வேணாம்னா 18.99. பிரைம் வீடியோவும் 2024 பிப்ரவரியில இருந்து கனடாவுல நடுவுல விளம்பரம் போட ஆரம்பிச்சுது. கேபிள் டிவியில விளம்பரம் தொல்லைன்னுதானே ஓடி வந்தோம்? ஹி ஹி.

இதோட கியூபெக் வரி. மாகாண விற்பனை வரி 9.975 சதவீதம், மத்திய வரி 5 சதவீதம். வெளிநாட்டுக் கம்பெனிகளோட டிஜிட்டல் சேவைக்கு 2019 ஜனவரியில கியூபெக் வரி போட ஆரம்பிச்சுது, 2021 ஜூலையில ஒட்டாவாவும் சேர்ந்துக்கிச்சு. ஆக 18.99-ங்கிறது கையை விட்டுப் போறப்ப 21.83. நாலு பேர் தங்குற வீட்டுல ஆளுக்கு அஞ்சரை டாலர். ஒண்ணுன்னா பரவாயில்லை. அஞ்சாறு சேர்ந்தா அது ஒரு மாச பஸ் பாஸ் மாதிரி வந்து நிக்கும்.

சரி, மேட்டருக்கு வருவோம். எதை எடுக்கிறது?

"எதுல நிறைய படம் இருக்கு"ன்னு பாக்காதீங்க. ஆயிரம் படம் இருந்தாலும் ராத்திரி சாப்பிட்டு முடிச்சு பாக்கப் போறது ஒண்ணுதான். அதுக்குப் பதிலா ரெண்டு கேள்வி கேளுங்க. யாரோட உக்காந்து பாக்கப் போறேன்? எந்த மொழியில பாக்கப் போறேன்?

யாரோடங்கிறதுலதான் நம்மள மாதிரி ஆளுங்களுக்குச் சிக்கலே. நெட்பிளிக்ஸ் 2023 பிப்ரவரியில கனடாவுல ஒரு விதி கொண்டு வந்துச்சு: ஒரு கணக்கு, ஒரு வீடு. வீடுன்னா டிவி மாட்டியிருக்கிற இடத்தோட இணைய இணைப்பு. வெளியில இருக்கிற ஆளைச் சேக்கணும்னா தனிக்காசு, அந்த ஆளும் அதே நாட்டுல இருக்கணும். கம்பெனி கணக்குல இது நியாயமாவே இருக்கலாம். ஆனா எனக்குக் 'குடும்பம்'னா தஞ்சாவூர்ல அம்மா, இங்க நான். கூடத் தங்கியிருக்கிற ஆந்திரா பையனும் கோட்டயத்துக்காரனும் மதுரைக்காரனும் ஒரே 'வீடு', பெத்த அம்மா 'வெளியாள்'. பாட்டுச் சேவைகள்லயும் குடும்பத் திட்டம்னா ஒரே முகவரின்னுதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். ரேஷன் கார்டுல கூட இவ்வளவு கறார் பாத்ததில்லை.

அம்மாவும் நானும் ஞாயித்துக்கிழமை சேர்ந்து படம் பாப்போம். அங்க ராத்திரி எட்டு மணி, இங்க குளிர்காலத்துல காலை ஒன்பதரை, கோடையில பத்தரை. போனை ஸ்பீக்கர்ல போட்டு, "ரெடியாம்மா? ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பட்டனை அமுக்குவோம். அப்பா போனதுக்கப்புறம் ஆரம்பிச்ச பழக்கம். பாதிப் படத்துல தூங்கிடுவாங்க, அது வேற விஷயம். குறட்டை சத்தம் கேட்டா நான் நிறுத்திடுவேன். மிச்சத்தை அடுத்த வாரம் பாத்துக்கலாம்.

இதுக்கு ரெண்டு வீட்டுலயும் தனித்தனிக் கணக்கு வேணும். அதைவிட முக்கியம், ஒரே படம் ரெண்டு நாட்டுலயும் கிடைக்கணும். தமிழ்ப் படத்தோட ஸ்ட்ரீமிங் உரிமையை இந்தியாவுக்கு ஒருத்தர்கிட்ட, வெளிநாட்டுக்கு இன்னொருத்தர்கிட்டன்னு பிரிச்சு விக்கிற வழக்கம் உண்டு. டென்ட்கொட்டா, சிம்ப்ளி சவுத் மாதிரி சேவைகள் 'இந்தியா தவிர'ன்னு போஸ்டர்லயே போட்டு வெளிநாட்டுத் தமிழங்களுக்காகவே படம் விடுறாங்க. சில சமயம் நமக்குக் கிடைக்கும், அம்மாவுக்குக் கிடைக்காது. சில சமயம் நேர் எதிர். ஊர்ல எடுத்த பிரைம் கணக்கை வச்சு இங்க எல்லாத்தையும் பாத்துடலாம்னு நினைக்காதீங்க, நாடு மாறினா பட்டியலும் சுருங்கும். ஜஸ்ட்வாட்ச்னு ஒரு தளம் இருக்கு. படத்தோட பேரைப் போட்டு, நாட்டை இந்தியா, கனடான்னு மாத்தி மாத்திப் பாத்தா எந்தப் படம் எங்க இருக்குன்னு சொல்லிடும். காசு கட்டுறதுக்கு முன்னாடி நீங்க பாக்க ஆசைப்படுற பத்துப் படத்தை அதுல தேடுங்க. எது அதிகமா வருதோ அதை எடுங்க.

தமிழுக்குன்னு பாத்தா எனக்கு ஒரு விஷயத்துல சந்தோஷம். 2020 மே மாசம் 'பொன்மகள் வந்தாள்' தியேட்டருக்குப் போகாம நேரா பிரைம்ல வந்தப்போ தமிழ்நாட்டுத் தியேட்டர்காரங்க சண்டைக்கு வந்தாங்க. அதே வருஷம் நவம்பர்ல 'சூரரைப் போற்று', அடுத்த வருஷம் 'சார்பட்டா பரம்பரை', 'ஜெய் பீம்'. தமிழ்ப் படத்துக்குத் தியேட்டர் கிடைக்கிறதே அபூர்வமா இருக்கிற ஊர்ல உக்காந்திருக்கிறவனுக்கு, ஊர்ல பாக்குற அதே நாள்ல அதே படத்தைப் பாக்குறது பெரிய விஷயம். 2022 ஜூன்ல வந்த 'சுழல்' தொடருக்குப் பிரெஞ்சு டப்பிங்கும் உண்டு. நம்ம கதையைப் பிரெஞ்சுக்கார நண்பனுக்குப் போட்டுக் காட்டலாம்.

அடுத்தது 'பெட்டி'. இதைப் பத்திப் பேசாம போனா இந்தப் பதிவு பொய்யாயிடும். வருஷத்துக்கு ஒரு தொகையை ரொக்கமா குடுத்தா ஊர்ச் சானல் எல்லாம் கொட்டுற பெட்டி நம்ம சனங்க வீட்டுல நிறைய இருக்கு. மாடி வீட்டு அக்காவுக்கு யாழ்ப்பாணம். அவங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்துச்சு. ஒரு நாள் காலையில திரை கறுப்பாயிடுச்சு. "ஆரிட்டத் தம்பி போய்க் கேக்கிறது? வித்தவன்ர போனும் வேலை செய்யேல்லை"ன்னாங்க. மாமிக்கு நாடகம் பாக்காம ரெண்டு கிழமை முகமே சரியில்லையாம்.

2019 நவம்பர்ல கனடா ஃபெடரல் கோர்ட், பெல், ரோஜர்ஸ், டிவிஏ கம்பெனிகள் போட்ட வழக்குல, கோல்ட்டிவிங்கிற இந்த மாதிரி ஒரு சேவையை இணைய நிறுவனங்கள் முடக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. நாட்டுலயே அந்த வகையில முதல் உத்தரவு. 2021-ல மேல்முறையீட்டுலயும் அதுவே நின்னுச்சு. ஆக பெட்டி எப்ப வேணா கறுப்பாகலாம். தப்பு சரின்னு நான் யாருக்கும் பாடம் எடுக்கலை. வயசானவங்க தினமும் பாக்குற ஒரே துணை அதுன்னா, அதை ரசீது இல்லாத ஆள்கிட்ட ஒப்படைக்காதீங்கன்னுதான் சொல்றேன். அக்கா இப்ப முறையா சந்தா கட்டுற சேவைக்கு மாறிட்டாங்க. சானல் கம்மி, ஆனா மாமி சிரிக்கிறாங்க.

பாட்டு. இங்கயும் வாடகை வீட்டுக் கதைதான். ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு 2019 பிப்ரவரியில வந்துச்சு. ரெண்டே மாசத்துல சரிகமவோட தகராறு, டெல்லி ஹைகோர்ட், பாட்டெல்லாம் அவுட். சரிகமன்னா பழைய எச்.எம்.வி. நம்ம அப்பா காலத்துப் பாட்டுல பெரும்பங்கு அவங்க கையில. 2020-லதான் சமாதானம் ஆச்சு. கனடாக்காரர் நீல் யங் 2022 ஜனவரியில கோபிச்சுக்கிட்டுத் தன் பாட்டையெல்லாம் அங்கிருந்து எடுத்தார், 2024-ல திரும்ப வந்தார். பெரிய மனுஷங்க சண்டையில கேக்குறவனுக்கு நடுவுல ரெண்டு வருஷம் காணோம்.

பாட்டுச் சேவையைச் சோதிக்க என்கிட்ட ஒரு வழி இருக்கு. இலவசமா ஒரு மாசம் குடுப்பாங்க இல்லையா, அதுல அஞ்சு பாட்டைத் தேடுங்க: ஒரு எம்.எஸ்.வி., எண்பதுகள்ல அதிகம் ஓடாத படத்து இளையராஜா ஒண்ணு, ஒரு கர்நாடகக் கச்சேரி, ஒரு நாதஸ்வரம், போன வாரம் வந்த புதுப் பாட்டு. புதுசு எல்லாத்துலயும் இருக்கும். மிச்ச நாலுலதான் வண்டவாளம் தெரியும். இந்தச் சேவைகளோட அலமாரி 'பாடகர், ஆல்பம்'னு வெள்ளைக்காரன் பழக்கத்துக்கு அடுக்கினது. நாம 'மோகன் நடிச்ச படத்துல எஸ்.பி.பி. பாடின மழைப்பாட்டு'ன்னு தேடுற கூட்டம். இளையராஜா பேரையே இங்கிலீஷ்ல நாலு விதமா எழுதி வச்சிருப்பாங்க. பாடலாசிரியர் பேரைத் தேடினா பல இடத்துல கிடைக்காது. எந்தச் சேவை படத்தோட பேரை வச்சுச் சுலபமா தேட விடுதோ அதுதான் நம்ம வீட்டுக்கு.

அப்புறம், இல்லாம இருக்க முடியாதுன்னு நீங்க நினைக்கிற ஐம்பது பாட்டை விலைக்கு வாங்கி ஹார்ட் டிஸ்க்ல போட்டு வைங்க. வாடகை வீட்டுல இருந்தாலும் அம்மா குடுத்த வெங்கலப் பானை நம்மளோடதுதானே, அந்த மாதிரி. அப்பாவுக்குப் பிடிச்ச பாட்டெல்லாம் என்கிட்ட அப்படித்தான் இருக்கு. யார் யாரோட சண்டை போட்டாலும் அது போகாது.

இலவசம்னா விடுவோமா? கனடாவோட தேசியத் திரைப்பட வாரியம் 1956-ல இருந்து இந்த ஊர்லதான் இருக்கு. அவங்க ஆவணப்படங்களையும் அனிமேஷன் படங்களையும் 2009-ல இருந்து இணையத்துல ஆயிரக்கணக்குல இலவசமா விட்டிருக்காங்க. ரேடியோ-கனடாவோட டூ.டிவி 2010-ல வந்தது, விளம்பரத்தோட நிறைய தொடர் சும்மா கிடைக்கும். பிரெஞ்சு கிளாஸ்ல ஆறு மாசம் படிச்சும் டிப்போ கவுன்டர்ல ஒரு வார்த்தை புரியலைன்னு நொந்து நூடுல்ஸ் ஆனவங்களுக்கு இதுதான் மருந்து. பிரெஞ்சு சப்டைட்டிலோட ஒரு உள்ளூர்த் தொடரை விடாம பாருங்க, காது திறக்கும்.

இந்த ஊர்க்காரங்களுக்கு டிவின்னா சும்மா இல்லை. 'லா பெதித் வீ'ன்னு ஒரு காமெடித் தொடர். 1995-ல அதோட ஒரு எபிசோடை 40 லட்சத்துக்கும் மேல பேர் பாத்தாங்க, மாகாணத்தோட மொத்த ஜனமே எழுபது லட்சத்துச் சொச்சம் இருந்தப்போ! அப்படிப்பட்ட மக்கள் இப்ப பயப்படுறாங்க, பசங்க எல்லாம் இங்கிலீஷ் மெனுவுல தொலைஞ்சு போறாங்கன்னு. அதான் 2025 மே மாசம் கியூபெக் கலாச்சார அமைச்சர் மத்தியூ லாக்கோம் ஒரு மசோதா கொண்டு வந்தார்: ஸ்ட்ரீமிங் சேவைகள்லயும் டிவிப் பெட்டிகள்லயும் பிரெஞ்சுப் படைப்புகள் சுலபமா கண்ணுல படணும், மெனு தானாவே பிரெஞ்சுல இருக்கணும்னு.

ஒரு மாகாணம், ஒரு சட்டசபை, இத்தனை டிவி சானல் வச்சிருக்கிற மொழிக்கே இந்தப் பயம். நமக்கு இங்க எந்தச் சட்டசபையும் மசோதா போடாது. நாம எதைத் தேடுறோம், எதை அமுக்குறோம்ங்கிறதுதான் நம்ம கையில இருக்கு. ஒரு தமிழ்ப் படத்தை முழுசா பாத்தா அந்த மெஷின் இன்னும் ரெண்டு தமிழ்ப் படத்தை முன்னாடி கொண்டு வந்து வைக்குது. வீட்டுல குழந்தைங்க இருக்கிறவங்க தயவுசெஞ்சு இதைக் கவனிங்க. பையனோட பக்கத்துல மாசத்துல ஒரு தமிழ்ப் படமாவது ஓடலைன்னா, அப்படி ஒரு மொழி இருக்குன்னே அந்தத் திரைக்குத் தெரியாது.

எங்க வீட்டு ஏற்பாட்டைச் சொல்லி முடிச்சுக்கிறேன். பாட்டு ஒண்ணு, வருஷம் முழுக்க. படத்துக்கு ஒரு நேரத்துல ஒண்ணே ஒண்ணு, மாசம் மாத்தி மாத்தி: தமிழ் மாசம், மலையாள மாசம், தெலுங்கு மாசம், பரீட்சை மாசத்துல ஒண்ணும் கிடையாது (மதுரைக்காரன் மட்டும் எதிர்ப்பு). சேர்ந்த அன்னைக்கே ரத்து பண்ணிடுவோம், கட்டின மாசம் முடியுற வரைக்கும் எப்படியும் ஓடும். ஃபிரிட்ஜ் கதவுல காகிதம் ஒட்டியிருக்கு: எது, யார் காசு, எந்தத் தேதி வரைக்கும். ஜூலை 1-ம் தேதி அந்தக் காகிதத்தைக் கிழிச்சுட்டுப் புதுசா எழுதுவோம்.

உங்க ஊர்ல எது ஓடுது, ஊர்ல இருக்கிற பெரியவங்களோட சேர்ந்து பாக்க என்ன வழி வச்சிருக்கீங்கன்னு சொல்லிட்டுப் போங்க மக்களே. அடுத்த வாரம் குளிர் கோட்டு.