நட்சத்திரத்தை இருத்தும் துணிவு

வெபர் அடிகளார் முதலான அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியில் ஊன்றி வளர்த்த மரபு, கூடைப்பந்து. அதில் ஊறிய நமக்கு ஒரு குறையும் உண்டு. நட்சத்திர வீரன் ஒரு நிமிடம் வெளியே அமர்ந்தாலும் பொறுக்கமாட்டோம்.

பல ஆண்டுகளுக்கு முன்னர், வாவிக்கரை வெக்கையில், பெயர் குறிப்பிட விரும்பாத ஓர் அணியின் மாணவன் 40 நிமிடங்களும் ஓய்வின்றி ஆடினான். இறுதிக் கணத்தில் அவன் எறிந்த பந்து வளையத்தை எட்டவில்லை. 'அணியைக் கைவிட்டான்' என மறுநாள் எழுதினேன். அவனைக் கைவிட்டவர்கள் பெரியவர்களாகிய நாமே என்பது பிறகே புரிந்தது.

2012 நவம்பரில் சான் அன்ரோனியோ அணியின் பயிற்றுநர் பொப்போவிச், டங்கன் உள்ளிட்ட நால்வரை மியாமி ஆட்டத்தில் இறக்காமல் வீட்டுக்கு அனுப்பினார். என்.பி.ஏ. நிர்வாகம் 250,000 டொலர் தண்டம் விதித்தது. பணம் கொடுத்து வந்த இரசிகரின் ஏமாற்றமும் நியாயமே. எனினும், 2014 இல் அவ்வணி வாகை சூடிய பருவத்தின் வழமையான ஆட்டங்களில், 48 நிமிட ஆட்டமொன்றில் எவரும் சராசரியாக 30 நிமிடங்களைத் தொடவில்லை.

எம் பயிற்றுநர்களே, களைத்தாயா என்று மாணவனிடம் கேட்காதீர்கள். 'இல்லை' என்றே சொல்வான். அவன் கால்களைப் பாருங்கள். தாவல் தாழ்ந்தால், தற்காப்புக்குத் திரும்பத் தாமதித்தால், இரண்டு நிமிடம் இருத்துங்கள். அப்போது கூச்சலிடாதிருப்பது எமது கடமை.