பிணத்தை மறைக்க முடியுமா?

பல்லும் பேசும், பெட்டியும் பேசும்!

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். பூசணிக்காயையே மறைக்க முடியாதபோது, ஆறடி மனிதனை மறைக்க முடியுமா?

முடியும் என்று நினைத்தவர்கள் பலர். ஒருவர் டிரங்குப் பெட்டியை நம்பினார். ஒருவர் திராவகத்தை நம்பினார். எல்லோரும் அகப்பட்டுக் கொண்டார்கள்.

நீல டிரம்

உத்தரப் பிரதேச மாநிலம் மீரட்டில் 2025 மார்ச் மாதம் ஒரு கொலை வெளிச்சத்துக்கு வந்தது. ஒருவரைக் கொன்று, உடலை நீல நிற பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, சிமென்டைக் கொட்டி மூடியிருந்தார்கள். அவருடைய மனைவியும், மனைவியின் நண்பரும் கைது செய்யப்பட்டனர்.

நாடே திடுக்கிட்டது. ஆனால் அடுத்த சில நாட்களிலேயே சிரிக்கவும் தொடங்கியது! "வீட்டில் நீல டிரம் இருக்கிறதா? ஜாக்கிரதை!" என்கிற ரீதியில் செல்போனுக்குச் செல்போன் கேலி பறந்தது. தண்ணீர் பிடித்து வைக்கும் சாதாரண டிரம், ஒரே வாரத்தில் பேய் ஆகிவிட்டது.

தலை இல்லாத பிரயாணி

பிணத்தைப் பெட்டியில் அடைப்பது புதிய தந்திரம் அல்ல. சென்னையே அதைப் பார்த்திருக்கிறது.

1952 ஆகஸ்டு மாதம். இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் ரெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி பிரயாணம் செய்தது. டிக்கெட் இல்லை. துணைக்கு ஆளும் இல்லை. துர்நாற்றம் மட்டும் இருந்தது. பிரயாணிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு புகார் செய்தார்கள். மானாமதுரையில் பெட்டியைத் திறந்தால், உள்ளே தலை இல்லாத முண்டம்!

தலை எங்கே? சென்னை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. உடல் ஓர் ஊரில், தலை ஓர் ஊரில். இனி யார் கண்டுபிடிப்பார்கள் என்று கொலையாளி நினைத்திருக்கலாம். ஆனால் காதில் இருந்த துளைகளும், ஒன்றின் மேல் ஒன்று ஏறிய பல்லும் ஆளைக் காட்டிக் கொடுத்தன. இறந்தவர் முன்பு ராணுவத்தில் இருந்தவர். அங்கே பதிவாகியிருந்த கைரேகையும் பொருந்தியது. இதுதான் புகழ் பெற்ற ஆளவந்தார் கொலை வழக்கு.

கரையாத பல் செட்டு

இங்கிலாந்தில் ஜான் ஜார்ஜ் ஹெய் என்பவன் இன்னும் 'கெட்டிக்காரன்'. பிணம் இல்லாவிட்டால் தண்டனையும் இல்லை என்று அவன் நம்பினான். 1949-ல் பணக்கார விதவை ஒருத்தியைக் கொன்று, கந்தகத் திராவகத்தில் போட்டான். அந்த அம்மாளைக் காணவில்லை என்று அவளுடைய தோழி போலீசுக்குப் போனபோது, துணைக்கு அவனே கூடப் போனான்!

திராவகம் உடலைக் கரைத்தது. ஆனால் அந்த அம்மாளின் பொய்ப்பல் செட்டு கரையவில்லை. "இது நான் செய்து கொடுத்த செட்டுதான்" என்று பல் டாக்டர் கோர்ட்டில் அடையாளம் காட்டினார். அதே ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி ஹெய் தூக்கிலிடப்பட்டான்.

மண்ணும் பேசும்

'பாபநாசம்' படத்தில் பிணம் போலீஸ் நிலையத்துக்கு அடியிலேயே கிடக்கும். சினிமாவில் அது நடக்கும். நிஜத்தில் தோண்டிய மண் பழையபடி ஆவதில்லை. நாளாக ஆகக் குழி உள்வாங்கும். மேலே முளைக்கும் செடியும் சுற்றியுள்ள செடிகளைப் போல இருக்காது. தரைக்குள் பார்க்கும் ரேடார் கருவி, மண் கலைந்த இடத்தைக் காட்டும். பழக்கப்பட்ட மோப்ப நாய் வாடையைப் பிடிக்கும். பிணத்தில் மொய்த்த ஈயின் புழுவை வைத்து, இறந்து எத்தனை நாள் என்று நிபுணர்கள் கணிப்பார்கள். எலும்புத் துண்டு கிடைத்தாலும் போதும், மரபணுச் சோதனை ஆளைச் சொல்லிவிடும். சுண்ணாம்பு போட்டால் பிணம் மறைந்துவிடும் என்பதும் தப்புக் கணக்கு. அது அழுகுவதைத் தாமதப்படுத்தி, சாட்சியத்தைப் பாதுகாத்துக் கொடுக்கிறது!

இவை எல்லாவற்றுக்கும் முன்பே செல்போனும், தெருமுனைக் காமிராவும், கடை ரசீதும் பேசத் தொடங்கிவிடுகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

பிணம் கிடைக்காவிட்டாலும், மற்ற சாட்சியங்கள் பலமாக இருந்தால் கொலைக் குற்றத்தை நிரூபிக்கலாம் என்று 1981-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியிருக்கிறது. தடயத்தை மறைப்பது தனிக் குற்றம். கொலை வழக்கில் அதற்கு 7 ஆண்டு வரை ஜெயில் தண்டனை கிடைக்கலாம்.

சிரிக்கலாமா?

பயத்தைப் போக்கிக்கொள்ள மனிதன் சிரிக்கிறான். அது இயற்கை. பல் செட்டை மறந்த கொலைகாரனைப் பார்த்துச் சிரிப்பதில் தவறு இல்லை. அவன் முட்டாள்தனம் சிரிப்புக்கு உரியதே.

ஆனால் டிரம்முக்குள் இருந்தவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. கேலிப் படம் அந்தத் தாயின் கண்ணிலும் படும். ஒருவரைக் காணவில்லை என்றால், இறந்துவிட்டதாகச் சட்டம் கருதுவதற்கு 7 ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த வீட்டில் திதியும் இல்லை, நிம்மதியும் இல்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து பார்ப்பார்கள்.

போலீசார் மண்ணைத் தோண்டுவது குற்றவாளிக்குத் தண்டனை வாங்கித் தர மட்டும் அல்ல. அந்த வீட்டாருக்கு ஒரு பதில் சொல்லவும்தான். அடுத்த முறை செல்போனில் டிரம் கேலி வந்தால், வேறு ஒருவருக்கு அனுப்பும் முன் அவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.