சலங்கை கட்டுமுன்



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்த வாரத்தில், கரையாம்புத்தூரில் புதுவீடு ஒன்றை மந்திரிக்கச் சென்றிருந்தோம். செபம் முடிந்து, தீர்த்தம் தெளித்து, திண்ணையில் அமர்ந்திருந்த வேளையில் அண்டை வீட்டுக்காரர் வந்து வணங்கி நின்றார். கொத்து வேலை செய்கிறவர். அப்புது வீட்டின் சுவர்களை எழுப்பியவரும் அவரே. "சாமி, எங்கள் வீட்டுக்கும் ஒரு நடை வர வேண்டும், மந்திரிக்க அல்ல, ஒரு வழக்கைத் தீர்க்க" என்றார்.

வழக்கு இதுதான். அவருடைய மகள் நல்ல மதிப்பெண்களுடன் தேறியிருந்தாள். மூன்று ஆண்டுகளாக வார விடுமுறை நாட்களில் பாகூரில் ஓர் ஆசிரியையிடம் பரதநாட்டியம் கற்று வருகிறாள். பதினொன்றாம் வகுப்பில் நடனத்தையும் ஒரு பாடமாக எடுத்துப் படிக்க விரும்புகிறாள். அதன்பின் அதிலேயே பட்டமும் பெற வேண்டும் என்கிறாள். தந்தைக்கோ அவள் செவிலியர் படிப்புப் படிக்க வேண்டும் என்பது எண்ணம். தாயார் கதவோரம் நின்றார், வாய் திறக்கவில்லை. பாட்டி மட்டும், "இவள் தாத்தன் கூத்தாடினதே போதும் சாமி! விடிய விடியக் கை தட்டினார்கள். விடிந்தபின் எவன் மதித்தான்?" என்றார். அந்த ஒரு சொல்லில் வழக்கின் வேர் முழுவதும் வெளிப்பட்டுவிட்டது.

தந்தையார் எழுப்பிய கேள்விகள் மூன்று. ஊர் என்ன சொல்லும்? நம் மறைக்கு இது ஒக்குமா? சோறு போடுமா? இவை ஒரு கொத்தனாரின் கேள்விகள் மட்டும் அல்ல. நம் பங்குகளில் எத்தனையோ இல்லங்களில் எழுபவை. ஆதலின் அன்று நாம் கூறியதை இங்கு விரித்துரைக்கிறோம்.

முதலாவது, ஊர்ப் பேச்சு. பாகூருக்குத் தெற்கே, கடலூரை அடுத்துள்ள திருவந்திபுரத்தை அறியாதவர் நம்மில் இலர். அவ்வூர்க் கோயிலைச் சார்ந்த தேவதாசிப் பெண்கள் ஐவர், இசைக் கலைஞர் மூவருடன், 1838ஆம் ஆண்டில் புதுச்சேரியிலிருந்து கப்பலேறிப் பாரிசு நகருக்கும் பின்னர் இலண்டனுக்கும் சென்று ஆடினார்கள். அவர்களுள் அம்மணி என்ற பெண்ணின் ஆட்டத்தைப் பிரெஞ்சு எழுத்தாளர் தியோபில் கோத்தியே வியந்து எழுதினார். அவளது உருவச் சிலையும் வடிக்கப்பட்டது. கடல் கடந்த ஊரில் இத்தகைய வியப்பைப் பெற்ற கலை, சொந்த மண்ணில் அடுத்து வந்த நூறாண்டுகளில் இழிவுக்கு ஆளாயிற்று. பெண்களைச் சிறுவயதிலேயே கோயிலுக்குப் பொட்டுக்கட்டி, அவர்களது வறுமையைப் பிறர் பயன்படுத்திக்கொண்ட வழக்கத்தை 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் தடை செய்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் நெடிய உழைப்பின் பயன் அது.

ஆனால் பழி யாரைச் சேர வேண்டும்? பெண்ணைச் சிறைப்படுத்திய வழக்கத்தையா, அவள் காத்துவந்த கலையையா? 1930களில் இ. கிருஷ்ணையர், ருக்மிணி தேவி அருண்டேல் போன்றோர் இவ்விரண்டையும் பிரித்துக் காட்ட முயன்றனர். சதிர் என்று அழைக்கப்பட்டது பரதநாட்டியம் என்ற பெயரால் நிலைபெற்றது. 1936இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். இதில் ஒரு வருத்தமும் உண்டு. கலை பெரிய வீடுகளுக்குள் வரவேற்கப்பட்டபோது, அதைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்த குடும்பங்களுள் பல வாசலிலேயே நிறுத்தப்பட்டன. அம்மரபிலிருந்து தலைநிமிர்ந்து நின்று உலகப் புகழ் பெற்றவர் த. பாலசரஸ்வதி அம்மையார். தெருக்கூத்து ஆடிய தாத்தாவை எண்ணி அப்பாட்டி கொண்ட வேதனையும் இவ்வகையைச் சேர்ந்ததே. இழிவு ஆடியவரிடம் இல்லை; இரவில் கைதட்டிப் பகலில் முகம் திருப்பியவர்களிடமே இருந்தது.

இரண்டாவது, நம் மறை. ஏரோதின் விருந்தில் ஒரு சிறுமி ஆடியதால் அன்றோ திருமுழுக்கு யோவானின் தலை போயிற்று என்று தந்தையார் கேட்டார். நற்செய்தியைக் கூர்ந்து படித்துப் பாருங்கள். அச்சிறுமியின் பெயரைக்கூட நற்செய்தியாளர் குறிக்கவில்லை. அங்கே கொலை செய்தது தாயின் வன்மமும், அவையோர் முன் வீண் ஆணையிட்ட அரசனின் கோழைத்தனமும். அதே திருவிவிலியத்தில் செங்கடலைக் கடந்த மிரியாம் மேளத்தோடு ஆடுகிறாள். உடன்படிக்கைப் பேழையின் முன் தாவீது அரசர் தம் முழு வலிமையோடும் ஆடுகிறார். அதைக் கண்டு உள்ளத்தில் இகழ்ந்த மீக்காலைப் பற்றியே விவிலியம் குறையாகப் பேசுகிறது.

தமிழ்க் கிறிஸ்தவத்திற்கும் இது புதிதன்று. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றி இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. 1963இல் வெளிவந்த திருவழிபாடு பற்றிய சங்க ஏடு, அந்தந்த மக்களினத்தின் பண்புகளையும் திறன்களையும் திருச்சபை போற்றுகிறது என்று தெளிவுபடுத்தியது. திருச்சியில் 1977இல் அருள்தந்தை ஜார்ஜ் அவர்களின் முயற்சியால் கலைக்காவிரி தோன்றி, நுண்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. அருள்தந்தை பிரான்சிஸ் பார்போசா குருவாக இருந்துகொண்டே பரதநாட்டியம் பயின்று, கிறிஸ்தவக் கருத்துகளுக்குரிய முத்திரைகளை வகுத்து ஆடினார். ஆதலின் மறையைக் காட்டி மகளைத் தடுக்க வழியில்லை.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. மேடை மட்டுமே சோறு போடும் என்று நாம் சொல்லமாட்டோம். சொன்னால் அது பொய்யாகும். மேடையை மட்டும் நம்பி வாழ்வோர் மிகச் சிலர். பெரும்பாலோர் கற்பித்தே வாழ்கிறார்கள். எனவே நடனத்தை எடுக்கும் பிள்ளை மற்றப் பாடங்களைக் கைவிடலாகாது. மொழிப் பாடமும் பிற விருப்பப் பாடங்களும் உறுதியாக இருந்தால், ஒரு கதவு அடைத்தாலும் மற்றொன்று திறக்கும்.

இனி, படிப்பைப் பற்றி. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்திற்கு மாறியுள்ளன. அத்திட்டத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பரதநாட்டியமும் ஒரு விருப்பப் பாடம்; எழுத்துத் தேர்வுக்கு 30 மதிப்பெண்கள், செய்முறைக்கு 70. ஆயின் திட்டத்தில் பாடம் இருப்பது வேறு, பள்ளியில் அதற்கு ஆசிரியர் இருப்பது வேறு. சேருமுன் தலைமையாசிரியரை நேரில் கண்டு கேட்டறிய வேண்டும். பள்ளியில் வாய்ப்பு இல்லையெனின் வருந்த வேண்டியதில்லை. வழக்கமான பிரிவில் படித்துக்கொண்டே தற்போதைய ஆசிரியையிடம் தொடர்ந்து கற்றுப் பின்னர்ப் பட்டப்படிப்பில் சேரலாம். நமக்கு அருகிலேயே அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. சற்றுத் தொலைவில் கலைக்காவிரியும், திருவையாற்று அரசு இசைக் கல்லூரியும், சென்னையில் கலாக்ஷேத்ராவும் உள்ளன.

இத்தகைய படிப்பிற்குப் பிள்ளை எவ்வாறு ஆயத்தம் செய்ய வேண்டும்? புத்தாடையும் நகையும் ஆயத்தம் ஆகா. சிலப்பதிகாரத்து மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில்தான் அரங்கேறினாள். ஆடலாசிரியர், இசையாசிரியர், புலவர், தண்ணுமை, குழல், யாழ் வல்லோர் அனைவரின் தகுதியையும் இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கிறார். மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்பதுவரை அளவு சொல்லுகிறார். ஆட்டத்திற்கு முன் இவ்வளவு அடித்தளம் வேண்டும் என்பதே அதன் பொருள்.

உடலே முதற்கருவி. அரைமண்டியில் நெடுநேரம் நிற்கத் தொடையும் முதுகும் வலுப்பெற வேண்டும். தட்டடவு, நாட்டடவு முதலிய அடிப்படை அடவுகளை மூன்று காலங்களிலும் பிழையின்றி ஆடிப் பழக வேண்டும். புதிய உருப்படிகள் பத்துக் கற்பதினும் பழைய அடவுகளைச் செம்மை செய்வதே நன்று. பயிற்சிக்கு முன் உடலைச் சற்றுச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். வலி வந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பெண்பிள்ளைகளில் பலர் இரத்தச் சோகையுடையவர்கள். காலை உணவைத் தவிர்த்துவிட்டு ஆடுவது ஆகாது. கேழ்வரகுக் கூழ், முருங்கைக் கீரை, வேர்க்கடலை, முட்டை ஆகிய இவை போதும். விலையுயர்ந்த மாவுகள் தேவையில்லை.

அடுத்தது தாளமும் ஏடும். திச்ரம் மூன்று, சதுச்ரம் நான்கு, கண்டம் ஐந்து, மிச்ரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது என்ற கணக்கு வாயாலும் கையாலும் தடுமாறாமல் வரவேண்டும். அபிநய தர்ப்பணம் கூறும் ஒற்றைக்கை முத்திரைகள் இருபத்தெட்டையும், அவற்றின் பயன்களையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிப் படிக்க வேண்டும். கற்ற ஒவ்வோர் உருப்படியின் ராகம், தாளம், இயற்றியவர், பொருள் ஆகியவற்றையும் அதில் பதிந்து வைக்க வேண்டும். இங்கிலாந்தில் இதே வயதினருக்கான உயர்நிலை நடனத் தேர்வில் ஆட்டத்திற்குப் பாதி, எழுத்துக்குப் பாதி என்று மதிப்பெண்கள் பகிரப்படுகின்றன. ஆடத் தெரிந்தால் போதும், எழுதத் தெரிய வேண்டாம் என்ற எண்ணம் எந்நாட்டிலும் செல்லாது.

பெற்றோருக்கு இரண்டு எச்சரிக்கைகள். கடன்பட்டு அரங்கேற்றம் நடத்தாதீர்கள். பந்தலும் விருந்தும் இல்லாமையால் எவருடைய கலையும் குறைந்துவிடாது. இரண்டாவது, ஆசான் எத்துணைப் பெரியவராயினும் கேள்விக்கு அப்பாற்பட்டவர் அல்லர். தாயாரோ தந்தையாரோ அவ்வப்போது வகுப்பில் சென்று அமருங்கள். பிள்ளை எதையேனும் சொல்லத் தயங்கினால் பொறுமையோடு கேளுங்கள், சொன்னால் நம்புங்கள்.

இவ்வளவும் சொல்லியும் வழக்குத் தீரவில்லை. பெண்ணின் விருப்பம் உண்மையானதா, தொலைக்காட்சியைக் கண்டு எழுந்த ஆசையா என்பது யாருக்குத் தெரியும்? இங்கே குருமட வாழ்க்கை நமக்கு உதவிற்று. மணியடித்து எழுப்பினால் எழுவது கீழ்ப்படிதல். மணியின்றித் தானே எழுவதுதான் அழைத்தலின் அடையாளம். எனவே அச்சிறுமியிடம், "மகளே, பள்ளி திறக்கும்வரை நாள்தோறும் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் அடவு செய். யாரும் உன்னை எழுப்பமாட்டார்கள். செய்த நாளுக்கு நாட்காட்டியில் ஒரு குறியிடு" என்றோம். தந்தையிடம், "அதுவரை வேண்டாம் என்று சொல்லாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டோம். இருவரும் இசைந்தனர். புறப்படும்போது, கடினமான சிமிட்டித் தரையில் நாள்தோறும் காலைத் தட்டினால் மூட்டும் கணைக்காலும் கெடும் என்று சொல்லிவைத்தோம். தந்தையார் தாம் பூசிய தரையை ஒருமுறை குனிந்து பார்த்தார், ஒன்றும் கூறவில்லை.

ஐந்து வாரங்கள் கழித்து மீண்டும் சென்றோம். நாட்காட்டியில் மூன்று இடங்கள் வெற்றாக இருந்தன. "இரண்டு நாள் காய்ச்சல், சாமி, ஒரு நாள் தூங்கிவிட்டேன்" என்றாள் அவள், நாம் கேட்குமுன்பே. மறைக்காமல் சொன்ன அந்த ஒரு நாள் மற்ற நாட்களுக்கெல்லாம் சான்றாக நின்றது. வீட்டின் பின்புறம் கீற்றுக் கொட்டகையின் கீழ், மண்ணைக் கொட்டித் திமிசு போட்டு இறுக்கி, சாணம் மெழுகிய தரை ஒன்று புதிதாக இருந்தது. வாழ்நாளெல்லாம் பிறர் வீடுகளுக்குச் சிமிட்டித் தரை போட்டவர், மகளுக்காக மண் தரை போட்டிருந்தார். "எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன் சாமி" என்று மட்டும் சொன்னார். பாட்டி இன்னும் இணங்கவில்லை. அவருடைய காயம் ஐந்து வாரங்களில் ஆறக்கூடியதன்று, நாமும் வற்புறுத்தவில்லை.

ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில், வாகூர் எனப்பட்ட நம் பாகூரில் இருந்த கல்விச் சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டன என்று செப்பேடு கூறுகிறது. மாணாக்கரை ஊர்களே தாங்கிய மண் இது. இன்று ஒரு பிள்ளை நடனம் கற்கப் புறப்பட்டால் ஊர் கொடை தர வேண்டாம். தூற்றாமல் இருந்தால் போதும்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை எந்தப் படிப்பைக் கேட்டாலும், "ஊர் என்ன சொல்லும்?" என்பதை முதற் கேள்வியாக வைக்காதீர்கள். "இதற்காக நீ தானே எழுவாயா?" என்று கேளுங்கள். எழுந்தால், அப்பிள்ளை நிற்பதற்கு ஒரு தரையை இட்டுக்கொடுங்கள். இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.