பரணில் கிடந்த லேப்டாப்

கூலி உயர்வும் போனஸும் பேச வேண்டிய பக்கத்தில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. முப்பதாயிரம் ரூபாய்க் கடன் ஒரு தொழிலாளி வீட்டு வாசலில் வந்து நின்றதால்தான் இதை எழுதுகிறோம்.

போடி பக்கத்தில் ஒரு தோழர் வீட்டுக்குப் போயிருந்தோம். அவர் ஸ்பின்னிங் மில்லில் சைடர். வீட்டம்மாள் விடியுமுன் ஜீப்பில் அடைபட்டு, போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்துக்குப் போய் வருகிறவர். மகனுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது, கம்ப்யூட்டர் வேண்டுமாம். வீட்டில் ஒன்று ஏற்கெனவே இருந்தது. மூத்த பெண் பன்னிரண்டாவது படித்தபோது சர்க்கார் கொடுத்த லேப்டாப், வெங்காயச் சாக்குக்கும் பழைய பாய்க்கும் நடுவே பரணில் கிடந்தது. கடைக்காரரிடம் எடுத்துப் போனதற்கு, "இது குப்பை, புது விண்டோஸ் இதில் ஏறாது. முப்பதாயிரம் இருந்தால் புதுசு, கையில் இல்லாவிட்டால் மாதத் தவணை" என்று சொல்லி அனுப்பி விட்டாராம்.

கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டோம். அவர் சொன்னதில் பாதி உண்மை. மைக்ரோசாப்ட் கம்பெனி விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக் கொண்டது. அடுத்த பதிப்பு ஓட வேண்டுமானால் இன்ன சில்லு வேண்டும், இன்ன பாதுகாப்புப் பொருள் உள்ளே இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. நிபந்தனைக்குள் வராத இயந்திரங்கள் உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் விசைப்பலகை தேயவில்லை, திரை கெடவில்லை, மின்சாரம் ஏறினால் விளக்கு எரிகிறது. ஆனாலும் அவை "குப்பை"! நன்றாக ஓடுகிற ரிங் பிரேமைப் பார்த்து, இனிமேல் இதற்கு எண்ணெய் தர மாட்டோம், வெளியே தூக்கிப் போடு என்று இயந்திரம் விற்றவன் சொன்னால் மில் முதலாளி சும்மா விடுவானா?

அந்த லேப்டாப்பை நாம் கேட்டு வாங்கி வந்தோம். இந்த வேலையில் நமக்குப் படிப்புக் கிடையாது. ராத்திரி நேரத்து ஆசை, அவ்வளவுதான்.

தூசி துடைத்துத் திறந்ததும் ஒன்று கண்ணில் பட்டது. 2011 செப்டம்பரில் தொடங்கி அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்நாடு சர்க்கார் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகளை மாணவர்களுக்குக் கொடுத்தது. அவற்றில் விண்டோஸ் மட்டும் இருக்கவில்லை. பக்கத்திலேயே 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. மத்திய சர்க்காரின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கி 2007இல் வெளியிட்டது அது. நம் வரிப்பணத்தில் செய்து, நம் பிள்ளைகளின் கைக்கே வந்து சேர்ந்த பொருள்! அதை எப்படித் திறப்பது என்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? நாம் விசாரித்த பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆசிரியர்களுக்கே பயிற்சி கிடைக்காதபோது அவர்கள் என்ன சொல்லித் தருவார்கள்? பல வீடுகளில் அந்தப் பகுதியை அழித்து அங்கே சினிமாப் படங்களை நிரப்பிக் கொண்டார்கள். நெல் விதையைக் கையில் கொடுத்து விட்டு, அது விதை என்று மட்டும் சொல்லாமல் விட்ட கதை.

லினக்ஸ் என்றால் என்ன? கம்ப்யூட்டரை ஓட வைக்கிற அடிப்படை ஏற்பாடு அது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் வேலை பார்த்தார். அங்கே ஒரு புதிய அச்சு இயந்திரம் வந்தது. அடிக்கடி காகிதம் சிக்கி நின்றது. பழைய இயந்திரமாயிருந்தால், சிக்கியதும் எல்லோருக்கும் தகவல் போகும்படி அவரே நிரலைத் திருத்தியிருப்பார். புதியதன் நிரலைக் கம்பெனி பூட்டி வைத்திருந்தது. கேட்டும் கொடுக்கவில்லை. இந்த எரிச்சலும் சேர்ந்துதான் 1983 செப்டம்பரில் யாரும் பார்க்கக் கூடிய, திருத்தக் கூடிய, பிறருக்குக் கொடுக்கக் கூடிய மென்பொருள் அமைப்பு ஒன்றை எழுதப் போவதாக அவரை அறிவிக்க வைத்தது. 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக் கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லிக் கொண்டு அதன் நடுப்பகுதியை எழுதி வெளியிட்டார். இரண்டும் சேர்ந்தன. இன்று உலகின் மிக வலிமையான 500 கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. 2017 முதல் அதில் ஒன்றுகூட விலக்கில்லை.

இதைக் கண்டு பெருமுதலாளிகள் எப்படி அலறினார்கள் தெரியுமா? மைக்ரோசாப்டின் அன்றைய தலைவர் ஸ்டீவ் பால்மர் 2000இல் லினக்ஸுக்குக் கம்யூனிசத்தின் குணம் இருக்கிறது என்றார். மறு வருஷம் புற்றுநோய் என்றார். 2016இல் அதே கம்பெனி லினக்ஸ் அறக்கட்டளையில் சந்தா கட்டி உறுப்பினராகச் சேர்ந்தது! புற்றுநோயில் லாபம் இருப்பது தெரிந்ததும் பயம் போய் விட்டது.

நம் அனுபவத்துக்கு வருவோம். பழைய பாஸை விட்டு விட்டு டெபியன் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தோம். 1993இல் தொடங்கியது, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. பல நாட்டுத் தொண்டர்கள் நடத்துகிறார்கள். தலைவரை வருஷாவருஷம் ஓட்டெடுத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். (சில சங்கங்களில் தேர்தல் நடந்து எத்தனை வருஷமாயிற்று என்று இங்கே கேட்டால் நம்மோடு சண்டைக்கு வருவார்கள், விட்டு விடுவோம்.) பென்டிரைவில் ஏற்றிச் செருகியதும் திரை உயிர் பெற்றது. ஆனால் வைஃபை எடுக்கவில்லை. உள்ளே இருந்த வைஃபை அட்டையைச் செய்த கம்பெனி அதை இயக்கும் சிறு நிரலை ரகசியமாக வைத்திருக்கிறது. அதற்கான கோப்பைத் தேடிச் சேர்க்க மூன்று ராத்திரி ஆயிற்று. பதில் கடைசியில் எங்கோ ஒரு நாட்டில், நம்மைப் போலவே மூன்று ராத்திரி விழித்த ஒருவர் எழுதி வைத்த குறிப்பில் கிடைத்தது. அவருக்கு நாம் ஒரு பைசா கொடுக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

நினைவகம் 2 ஜிபிதான். ஆடம்பர ஜன்னல்களைத் தவிர்த்து, எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய முகப்பைப் போட்டோம். நினைவகத்தில் இருப்பதைச் சுருக்கி மடித்து வைத்துக் கொள்ளும் ஏற்பாடு ஒன்று உண்டு, அதையும் சேர்த்தோம். தொடங்கும்போது தேவையில்லாமல் எழுந்து கொள்கிற நிரல்களை ஒவ்வொன்றாக நிறுத்தினோம். இந்த அமைப்பின் விசேஷம் என்னவென்றால், அதை நடத்துகிற கட்டளைகளெல்லாம் பெரும்பாலும் சாதாரண எழுத்துக் கோப்புகள். திறந்து படிக்கலாம், ஒரு வரியை மாற்றலாம், என்ன நடக்கிறதென்று பார்க்கலாம். அப்படி மாற்றப் போய் ஒரு நாள் ஓர் எழுத்தைத் தப்பாய் அடித்து விட்டோம். மறுநாள் இயந்திரம் எழுந்திருக்கவே இல்லை, கறுப்புத் திரை. வேர்த்து விட்டது. பென்டிரைவிலிருந்து எழுப்பி, அந்தக் கோப்பைத் திறந்து, ஓரெழுத்தைத் திருத்தினோம். சரியாயிற்று. சைடர் தோழரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். இருபது வருஷமாய் ஓட்டுகிற இயந்திரத்தில் எந்த ஸ்பிண்டில் தகராறு செய்கிறதென்று காதால் கேட்டே சொல்லி விடுவாராம். கை வைக்க மட்டும் உத்தரவில்லையாம்.

தமிழுக்கு வருவோம். 1999இல் தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையை வைத்தோம். இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். ஒரு விசையைத் தட்டினால் தமிழ், இன்னொரு தட்டில் இங்கிலீஷ். லிப்ரே ஆபீஸின் பட்டியல்கள் தமிழிலேயே வந்தன. சம்பளம் வாங்காத யாரோ உட்கார்ந்து பெயர்த்த வேலை. சில சொற்கள் கரடுமுரடு. சில இடங்களில் பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாய் நிற்கிறது. எழுத்துருக்களில் 'மீரா இனிமை' நமக்குப் பிடித்தது. அதைச் செய்து கொடுத்தவர்கள் யார்? சுதந்திர மலையாளக் கணினிக் குழு என்னும் மலையாளத் தோழர்கள்! 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்னையில் மலைப்பாதைகள் அடைபட்டு, கம்பம் பள்ளத்தாக்கின் தோட்டத் தொழிலாளர் வேலையிழந்து தவித்ததை நாம் மறக்கவில்லை. அதே மலைக்கு அப்பாலிருந்து தமிழுக்கு ஓர் எழுத்து வந்திருக்கிறது.

மலைக்கு அப்பால் இன்னொன்றும் நடந்திருக்கிறது. கேரளத்தின் சர்க்கார் பள்ளிகளில் கணினிப் பாடம் லினக்ஸில்தான். ஆசிரியர்களைப் பழக்கினார்கள், பாடப் புத்தகத்தை அதற்கேற்ப எழுதினார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் இதனால் மூவாயிரம் கோடி ரூபாய் மிச்சம் என்று அந்த மாநிலத்தின் கைட் நிறுவனம் 2019இல் கணக்குச் சொன்னது. கடை விலையை வைத்துப் போட்ட கணக்கு அது. கொஞ்சம் குறைத்தே எடுத்துக் கொள்வோம். குறைத்தாலும் சின்னத் தொகையல்ல. தமிழ்நாட்டிலும் எல்காட் நிறுவனம் 2006ஐ ஒட்டி லினக்ஸுக்கு மாறத் தொடங்கியது. அதிகாரி மாறினார், வேகம் போயிற்று. குமுளிச் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் முடிகிற காரியம் இந்தப் பக்கம் ஏன் முடியவில்லை?

இதையெல்லாம் சொல்வதால் லினக்ஸ் வந்தால் சுரண்டல் ஒழிந்து விடும் என்று நாம் பேசவில்லை. அந்த மயக்கம் வேண்டாம். இன்று அந்த நடுப்பகுதிக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பெரிய கம்பெனிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள். உங்கள் சட்டைப் பையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் லினக்ஸ்தான் இருக்கிறது. ஆனால் வெளியே பூட்டுப் போட்டு, சாவியைக் கம்பெனி வைத்துக் கொண்டிருக்கிறது. விதை பொதுவாயிருந்தாலும் களத்தில் நிற்பவன் எவன் என்ற கேள்வி இருக்கவே செய்கிறது. கம்பம் பக்கம் தக்காளி போடுகிறவர்களுக்கு இது புரியும். வீட்டு விதையை எடுத்து வைத்த காலம் போய், ஒட்டு விதைப் பாக்கெட்டை ஒவ்வொரு போகத்துக்கும் கடையில் வாங்க வேண்டியதாயிற்று. விதை கையை விட்டுப் போன பிறகு விலையைச் சொல்கிறவன் எவனோ. போடியில் ஏலக்காய் ஏலமும் கம்ப்யூட்டர்த் திரையில்தான் நடக்கிறது; காய் எடுத்த பெண்ணுக்கு அந்தத் திரை கண்ணில் படுவதுண்டா?

அதனால்தான் சைடர் வீட்டு லேப்டாப்பில் நாம் முதலில் ஏற்றிக் கொடுத்தது ஒரு கணக்குத் தாள். தேதி, ஜீப் ஏறிய நேரம், இறங்கிய நேரம், எடுத்த காய் எத்தனை கிலோ, கங்காணி எழுதிய கிலோ எத்தனை, கையில் வந்த கூலி. பக்கத்துத் தாளில் மில்லில் மிகையாய்ப் பார்த்த ஷிப்டுகள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் பையன் கேட்க, அம்மாள் சொல்ல, ஏறுகிறது. முதல் மாத முடிவில் கங்காணி கணக்குக்கும் வீட்டுக் கணக்குக்கும் இடையே கிலோவில் வித்தியாசம் தெரிந்தது. தோட்டத்தின் பெயரை இப்போது எழுதவில்லை. அச்சடித்த தாளோடு போய்க் கேட்கப் போகிறார்கள், தனியாக அல்ல.

தவணைக் கடன் வாங்கவில்லை. பாலிடெக்னிக்குக்கு இந்த இயந்திரம் போதுமா என்றால், இதுவரை போதுகிறது. நான்கைந்து பக்கங்களை ஒன்றாய்த் திறந்தால் திணறுகிறது. பாட்டரி செத்து விட்டது. கரண்ட் போனால் வேலையும் போய் விடும். இந்தக் குறைகளையும் சொல்லி விட வேண்டியது நம் கடமை.

சர்க்காரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இனி மாணவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு லேப்டாப்புடனும், அதில் இருக்கும் லினக்ஸைச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆசிரியரும், அவருக்கு முன்கூட்டியே பயிற்சியும் வேண்டும். பரண்களில் கிடப்பவற்றை எடுத்து உயிர்ப்பிக்கத் தேனியிலும் போடியிலும் கம்பத்திலும் ஐ.டி.ஐ. மாணவர்களைக் கொண்டே மையம் வைக்கலாம். புது இயந்திரம் வாங்கும் செலவில் இது எத்தனையில் ஒரு பங்கு! விழுப்புரத்தில் வாலிபர்கள் குழுவாய்ச் சேர்ந்து கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக் கொடுத்து வருகிறார்கள். கணியம் என்ற தமிழ் இதழ் 2012 முதல் இதைப் பற்றியே எழுதி வருகிறது. தேனி வாலிபர்கள் யாரும் அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு வேலை பாக்கி. கணக்குத் தாளை அச்சடிக்க, ஒரு தோழரிடம் இருந்த பழைய பிரிண்டரைக் கொண்டு வந்து மாட்டினோம். ஸ்டால்மனுக்கு வாய்த்தது போலவே நமக்கும் அச்சு இயந்திரம்தான் முரண்டு பிடிக்கிறது. இரண்டு ராத்திரி ஆகி விட்டது. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் உட்காருகிறோம். அதற்குள் முடியாவிட்டால் பென்டிரைவை எடுத்துக் கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போவோம். கங்காணியிடம் போக வேண்டிய நாள் திங்கள்.