நலத்தின் பெயரால் தண்டும் வரி

மக்களவை கூடும் நாள்களில் காலை பதினொரு மணிக்கு வினா நேரம் தொடங்குகின்றது. அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாக விடை கூறவேண்டிய உடுக்குறி வினாக்கள் நாளொன்றுக்கு 20. எழுத்தால் மட்டும் விடை தரப்பெறும் வினாக்கள் 230. இருபதில் அவையில் உண்மையாகவே எடுத்துக்கொள்ளப்படுவன ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடுவதே பெரும்பாலும் காணும் வழக்கம். எனினும், ஓர் அரசைக் குடிமக்களின் முன் நிறுத்தி, 'தண்டிய பொருள் எங்கே?' என்று வினவுதற்குச் சட்டம் வகுத்த நேரம் அதுதான். 2020 செப்டம்பரில், பெருந்தொற்றைக் கரணியம் காட்டி, அந் நேரமும் அக் கூட்டத்தொடர் முழுமைக்கும் நீக்கப்பட்டது என்பதை மக்கள் மறந்திருக்கலாம், மறக்கலாகாது.

நிதியமைச்சகம் என்று வழங்கும் பொருளமைச்சகத்தை நோக்கி உறுப்பினர் தொடுக்கும் வினாக்களுள் ஒரு வகை, விடையின்றியே திரும்பும் இயல்புடையது. வரியையும் மக்களின் உடல்நலத்தையும் ஒரே வினாவில் சேர்த்துக் கேட்கும் வகை அது. அவை நெறிப்படி, ஒவ்வொரு வினாவும் அதற்குப் பொறுப்புடைய அமைச்சர்க்கே செல்லவேண்டும். எனவே வரி எவ்வளவு என்பது பொருளமைச்சருக்குப் போகும். அவ் வரியால் எத்தனை பேர் நோய் தீர்ந்தனர் என்பது நலத்துறைக்குப் போகும். நலத்துறையோ 'நலவாழ்வு மாநிலங்களின் பொறுப்பு' என்று கை விரிக்கும். வினா ஒன்று, அதனை மூன்றாக வெட்டி மூன்று வாயில்களில் எறிந்தபின் விடை எங்கிருந்து வரும்?

இதனை வெறும் அலுவல் நடைமுறை என்று தள்ளிவிட இயலாது. 2018 பிப்பிரவரி முதல் நாள் அன்றைய பொருளமைச்சர் அருண் செட்லி வரவு செலவுத் திட்டத்தை முன்வைத்தபோது, வருவாய்வரியின்மீது அதுவரை இருந்த மூன்று விழுக்காட்டுக் கல்வி மேல்வரியை நீக்கி, நான்கு விழுக்காட்டு 'நல, கல்வி மேல்வரி'யை விதித்தார். ஏடுகள் 'செசு' என்று எழுதுவது இதனைத்தான். இதனால் ஆண்டுக்கு 11,000 கோடி உருபா கூடுதலாகக் கிடைக்கும் என்றும், ஏழைக் குடும்பங்களின், சிற்றூர்க் குடும்பங்களின் கல்வி, மருத்துவத் தேவைகளுக்கு அது பயன்படும் என்றும் அவர் கூறினார். அன்று முதல் மாதச் சம்பளத்தார் ஒவ்வொருவரின் வரிச் சீட்டிலும் 'நலம்' என்னும் சொல் ஏறிக்கொண்டது.

மேல்வரி என்பது பிற வரிகளைப் போன்றதன்று. வருவாய்வரி தண்டினால் அதில் ஒரு பங்கை நடுவணரசு மாநிலங்களுக்குப் பகிர்ந்தளித்தாக வேண்டும். பதினைந்தாம் நிதிக்குழு அப் பங்கை 41 விழுக்காடு என்று வரையறுத்தது. அரசமைப்புச் சட்டத்தின் 270ஆம் உறுப்போ மேல்வரியை இப் பகிர்விலிருந்து விலக்கி வைக்கின்றது. எதற்காக? குறித்த ஒரு நோக்கத்திற்காகத் தண்டப்படுவது என்பதற்காக. அந் நோக்கம் ஒன்றுதான் மாநிலங்களுக்குப் பங்கில்லை என்பதற்குச் சொல்லப்படும் முழுமுதற் கரணியம். எனின், நோக்கம் நிறைவேறிற்று என்று காட்டவேண்டிய கடன் யாருடையது? தண்டியவருடையது அன்றோ!

ஆனால், நலத்திற்கென்று ஒரு தனிவைப்பு உருவாக்கப்பட்டது 2021 மார்ச்சில்தான். மேல்வரி தண்டத் தொடங்கி மூன்று நிதியாண்டுகள் முடியும் தறுவாய் அது. அதற்கு இட்ட பெயர் 'பிரதான் மந்திரி சுவாசுத்திய சுரக்சா நிதி'. வரி கட்டிய தமிழன் தன் பணம் போன பெட்டியின் பெயரையேனும் பலுக்கக் கூடாதா என்று கேட்பது இங்கே சிறு செய்திதான்; பெட்டியே இல்லாமல் மூன்றாண்டுகள் பணம் வாங்கியது பெருஞ்செய்தி.

கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை இதனினும் கடுமையானது. 2018-19ஆம் ஆண்டில் 35 வகை மேல்வரிகளாலும் பிற தீர்வைகளாலும் வந்த தொகை 2,74,592 கோடி உருபா. அவற்றிற்குரிய தனிவைப்புகளுக்குச் சென்றது 1,64,322 கோடி. எஞ்சிய ஏறத்தாழ 1,10,000 கோடி பொதுக் கருவூலத்திலேயே தங்கிவிட்டது. எதிர்க்கட்சி மேடையில் எழுந்த குற்றச்சாட்டன்று இது. அரசின் கணக்கை ஆய்வதற்கென்றே சட்டம் அமர்த்திய அலுவலர் நாடாளுமன்றத்தின் முன் வைத்த கணக்கு. 2011-12இல் நடுவணரசின் மொத்த வரி வருவாயில் மேல்வரியும் மிகுவரியும் பத்து விழுக்காட்டளவில் இருந்தன. 2020-21இல் ஏறத்தாழ இருபதாயின. பகிராமல் வைத்துக்கொள்ளும் பகுதி இவ்வாறு இருமடங்கு வளர்ந்தது.

இனி, நலவாழ்வு யாருடைய பொறுப்பு என்று காண்போம். ஏழாம் இணைப்புப்பட்டியலில், மாநிலப் பட்டியலின் 6ஆம் பதிவு பொதுநலம், தூய்மை, மருத்துவமனைகள் என்பவற்றை மாநிலங்களுக்கே தருகின்றது. இதனை நடுவணரசு நன்கு அறியும். 2021 சூலையில், உயிர்வளி இன்றி இறந்தோர் எத்தனை பேர் என்று மாநிலங்களவையில் கேட்கப்பட்டபோது, நலவாழ்வு மாநிலங்களுக்குரியது என்றும், உயிர்வளிப் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் தனியே தெரிவிக்கவில்லை என்றும் நலத்துறை விடையளித்தது. இறந்தோரை எண்ணும்போது நலம் மாநிலத்தினுடையது. வரி தண்டும்போது நலம் நடுவணரசினுடையது! இந்த இரட்டைக் கணக்கை எந்த ஊர்க் கணக்கப்பிள்ளை எழுதினாலும் மறுநாளே வேலை போய்விடும்.

ஒன்றை முறையாகச் சொல்லவேண்டும். உறுப்பினர் எழுப்பும் எல்லாக் குற்றச்சாட்டும் சரியல்ல. நலக் காப்பீட்டுக் கட்டணத்தின்மீது 18 விழுக்காட்டுச் சரக்கு, பணிவரி இருப்பதை எதிர்த்து 2024 ஆகத்தில் எதிர்க்கட்சியினர் நாடாளுமன்ற வளாகத்தில் முழங்கினர். 2023-24இல் மட்டும் அவ் வகையில் 8,263 கோடி உருபா அளவுக்கு வந்தது என்பது பொருளமைச்சகமே அவையில் தந்த கணக்கு. அமைச்சர் நிருமலா சீத்தாராமன், அவ்வரியின் பெரும்பகுதி மாநிலங்களுக்கே செல்கின்றது என்றும், அது பழைய முறையிலும் இருந்ததே என்றும் கூறினார். அம் மறுமொழியில் உண்மை உண்டு. வரியை விதிக்கும் மன்றத்தில் மாநில அமைச்சர்களும் அமர்ந்திருக்கின்றனர். ஆனாலும் விடாது கேட்டதன் பயன் விளைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனியாள் நலக் காப்பீட்டின்மீது அவ்வரி நீங்கிற்று. மேல்வரிக்கோ அத்தகைய மன்றம் இல்லை. அதனைக் கேட்பதற்கு நாடாளுமன்றத்தை விட்டால் வேறு இடமில்லை.

கேட்பதற்குரிய புள்ளிக்கணக்கும் கையில் இருக்கின்றது. தேசியக் குடும்பநல அளவெடுப்பு, அரசே நடத்துவது. ஐந்து அகவைக்கு உட்பட்ட குழந்தைகளுள் குருதிச்சோகை உடையோர் 2015-16இல் 58.6 விழுக்காடு, 2019-21இல் 67.1. பெண்களுள் 53.1 ஆக இருந்தது 57.0 ஆயிற்று. மேல்வரியால் குருதி வற்றிற்று என்று எவரும் கூறார். ஓர் அளவெடுப்பின் ஏற்றத்திற்குப் பல கரணியங்கள் இருக்கும். ஆனால், நலத்தின் பெயரால் வரி வாங்கிய ஆண்டுகளில் பிள்ளைகளின் நலம் இவ்வாறு இருந்தது என்பது மறுக்க முடியாத செய்தி. 2021-22ஆம் ஆண்டிற்குரிய தேசிய நலக் கணக்கின்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு மக்கள் தம் மடியிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தது. முன்னைக்கு இது குறைவே, மறைக்க வேண்டியதில்லை. அரசுகளின் செலவோ நாட்டு மொத்த விளைவில் 1.84 விழுக்காடு, 2017ஆம் ஆண்டு நலக் கொள்கை 2025க்குள் எட்டுவதாக எழுதியது 2.5. மக்கள் தொகையே எத்தனை என்பதற்கு 2011ஆம் ஆண்டுக் கணக்கைப் புரட்டவேண்டியிருந்தது. 2021இல் எடுக்கவேண்டிய கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளப்பட்டது.

ஆகவே, பொருளமைச்சரிடம் கேட்கவேண்டிய வினா, மூன்றாக வெட்ட இடந்தராத ஒரே வினாவாக அமையவேண்டும். 2018 முதல் ஆண்டுதோறும் நலத்தின் பங்காகத் தண்டியது எவ்வளவு? தனிவைப்பிற் சேர்ந்தது எவ்வளவு? அது எந்தெந்த மாநிலத்தில், எந்தெந்த மாவட்டத்தில் செலவாயிற்று? செலவான மாவட்டங்களில் குருதிச்சோகை முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு? இறுதி வினாவையும் பொருளமைச்சரிடமே கேட்கவேண்டும். ஏனெனில், 'குறித்த நோக்கம்' என்று சொல்லி மாநிலங்களின் பங்கை மறுப்பவர் நலத்துறையார் அல்லர், அவரே. கணக்குக் காட்ட இயலாதெனின், அத் தொகையைப் பகிரத்தக்க வரியோடு சேர்த்து 41 விழுக்காட்டை மாநிலங்களுக்கு அளிக்கட்டும். மருத்துவமனைகளை நடத்துவோர் அவர்கள்தாம்.