போத்தலில் வரும் இயற்கையும் பாத்தியில் இருந்த இயற்கையும்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருக்கும் இடங்களில் ஒரு புதிய வியாபாரம் நடப்பதை அண்மைக் காலமாக நாம் காண்கிறோம். நல்ல உடுப்பு உடுத்திய ஒரு தம்பியோ தங்கையோ பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். பையில் போத்தல்கள். பூண்டுக் குளிசை, மீன் எண்ணெய்க் குளிசை, மஞ்சள், கறுவா, பெயர் தெரியாத மூலிகைத் தூள். "கொலஸ்ட்ரோலுக்கு நல்லதுங்க அம்மா. இங்கிலீசு மருந்து மாதிரி இல்ல. இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது" என்கிறார். ஒரு போத்தலின் விலை தோட்டத்தில் நாலைந்து நாள் பேர் போட்டால் கிடைக்கும் சம்பளம். நிவாரணப் பணம் கையில் கிடைத்த வாரத்தில்தான் இவர்கள் அதிகம் வருகிறார்கள் என்பதையும் கவனித்தோம்.

பசறைப் பக்கம் ஒரு மண்டபத்தில் தங்கியிருந்த அம்மா ஒருவரும் இப்படி ஒரு போத்தலை வாங்கியிருந்தார். முன்பு ஒரு முறை மாரடைப்பு வந்து, மாதம் தவறாமல் கிளினிக்குப் போய்க் குளிசை எடுத்துவந்தவர். "கொப்பி, குளிசை எல்லாம் மண்ணோட போச்சு தம்பி. புது எடத்து ஆஸ்பத்திரியில பழைய கொப்பிய கேப்பாங்கன்னு போகல்ல. இது இருக்கேன்னு வாங்கிட்டேன்" என்றார். ஐந்து மாதமாக அவர் கிளினிக் குளிசை போடவில்லை. நாம் அவரை அழைத்துப்போய்ப் புதுக் கொப்பி போட்டுக் கொடுத்தோம். இதற்கிடையில் அவருக்கு ஒன்றும் நேரவில்லை என்பது கடவுள் செயல்.

கொலஸ்ட்ரோல் பட்டணத்துப் பணக்காரர்களின் வியாதி என்று நாம் எண்ணியிருந்த காலம் ஒன்று உண்டு. மலையேறிக் கொழுந்து பறிப்பவருக்கும் மண்வெட்டி பிடிப்பவருக்கும் அது வராது என்றார்கள். இன்று எந்தக் கிளினிக் வரிசையில் நின்றாலும் எம்மவர்களைக் காணலாம். இடம்பெயர்ந்தவர்களின் நிலை இன்னும் மோசம். நாள் முழுவதும் நடந்த கால்கள் மண்டபத்துக்குள் முடங்கிக் கிடக்கின்றன. சாப்பாடோ கோதுமை மா ரொட்டி, நூடில்ஸ், பிஸ்கட், சீனி போட்ட தேத்தண்ணி. நிவாரணம் தந்தவர்களை நாம் குறை சொல்லவில்லை. அவசர காலத்தில் கெட்டுப்போகாத சாமானைத்தான் தர முடியும். ஆனால் அந்த அவசர காலம் மாதக்கணக்காக நீளும்போது அதுவே எமது சாப்பாட்டுப் பழக்கமாகிவிடுகிறது.

போத்தல்களுக்கு வருவோம். அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக் என்ற பெரிய வைத்தியசாலை நடத்திய ஆய்வொன்று 2022இல் வெளிவந்தது. ஏறக்குறைய 200 பேரைப் பல குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 5 மில்லிகிராம் ரொசுவாஸ்டட்டின் குளிசையையும், இன்னொரு குழுவுக்கு வெறும் மாக் குளிசையையும், மற்றக் குழுக்களுக்கு மீன் எண்ணெய், கறுவா, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரோல், செந்நொதி அரிசி ஆகியவற்றில் ஒவ்வொன்றையும் 28 நாள் கொடுத்தார்கள். ரொசுவாஸ்டட்டின் எடுத்தவர்களுக்கு எல்.டி.எல். என்னும் கெட்ட கொலஸ்ட்ரோல் சராசரியாக 38 வீதம் அளவில் குறைந்தது. மற்ற ஆறில் ஒன்றாவது வெறும் மாக் குளிசையைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மேலாக இருக்கவில்லை. இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ரொசுவாஸ்டட்டினைத் தயாரித்த கம்பனிதான். அதையும் வாசகர் அறிந்துகொள்ள வேண்டும். ஆனால் பூண்டைப் பற்றி 2007இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் ஆறு மாதம் பார்த்த ஆய்விலும் இதே முடிவுதான் வந்தது. பச்சைப் பூண்டும் சரி, பூண்டுக் குளிசையும் சரி, எல்.டி.எல்.லைக் குறைக்கவில்லை. இந்தியாவில் பெயர்பெற்ற குக்குலு மருந்தை 2003இல் அமெரிக்காவில் சோதித்தபோது எல்.டி.எல். குறையவில்லை, சற்றுக் கூடியே இருந்தது.

பூண்டைச் சட்டியில் போடுவதை யாரும் நிறுத்த வேண்டாம். குழம்புக்குப் பூண்டு வேண்டும். அதைக் குளிசையாக்கி நாலு நாள் சம்பளத்துக்கு விற்பதைத்தான் நாம் கேள்வி கேட்கிறோம்.

'இயற்கையானது, ஒன்றும் செய்யாது' என்ற பேச்சையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கேரளத்தில் இரும்பன்புளி என்றும் இங்கே பிலிங் என்றும் சொல்லும் புளிப்புக் காய் ஒன்று உண்டு. மரத்தண்டிலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்கும். கொலஸ்ட்ரோல் குறையும் என்று யாரோ சொல்ல, அதன் சாற்றைக் கேரளத்தில் பலர் குடித்தார்கள். அப்படிக் குடித்து சிறுநீரகம் செயலிழந்த பத்துப் பேரைப் பற்றி அங்குள்ள வைத்தியர்கள் 2013இல் எழுதினார்கள். அவர்களில் ஏழு பேருக்கு இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டி வந்தது. அந்தக் காயில் உள்ள ஒக்சலேட் உப்பு சிறுநீரகத்தில் படிந்ததே காரணம். காமரங்காவிலும் இதே ஆபத்து உண்டு. கறியில் ஒன்றிரண்டு காய் போடுவது வேறு, வெறும் வயிற்றில் டம்ளர் டம்ளராகச் சாறு குடிப்பது வேறு. எமது பதுளை மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டைப் பக்கத்தில் காரணம் சரியாகத் தெரியாத சிறுநீரக நோய் எத்தனை விவசாயக் குடும்பங்களைத் தின்றது என்பதை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஜப்பானிலும் 2024இல் செந்நொதி அரிசிக் குளிசை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டு, கடைகளிலிருந்து அவற்றைத் திரும்பப் பெற்றார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறோம். இங்கிலீசு மருந்து என்று எம்மவர் ஒதுக்கும் ஸ்டட்டின் குளிசையின் பிறப்பும் இயற்கையில்தான். ஜப்பானின் அகிதா மாகாணத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த எண்டோ அகிரா என்ற விஞ்ஞானி ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்து, 1973இல் அரிசியில் வளர்ந்த ஒரு பச்சைப் பூஞ்சணத்திலிருந்து இந்த வகை மருந்தில் முதலாவதைக் கண்டுபிடித்தார். செந்நொதி அரிசியிலும் அதே வகைப் பொருள் ஒன்று உண்டு. ஆனால் எந்தப் போத்தலில் எவ்வளவு உண்டு என்பது விற்பவருக்கே தெரியாது. கிளினிக் குளிசையில் எத்தனை மில்லிகிராம் என்பது அட்டையில் எழுதியிருக்கிறது. அரச வைத்தியசாலையில் அது இலவசமாகவும் கிடைக்கிறது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்து எம்மவர் வெளியில் காசு கொடுத்து வாங்கிப் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. அந்த நாட்களில்தான் போத்தல்காரர்களுக்குப் பல இடங்களில் கதவு திறந்தது.

ஆகவே மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சுக்குழாய்க்கு வலை போட்டவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் எந்தப் போத்தலுக்காகவும் குளிசையை நிறுத்தக் கூடாது. குளிசையால் தசைநோவு வருகிறதென்றால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ வேறு குளிசைக்கு மாற்றவோ அவரால் முடியும். கொப்பி தொலைந்தவர்கள் கொப்பி இல்லையென்றே சொல்லி அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குப் போங்கள். வெறும் குளிசை அட்டை மிஞ்சியிருந்தால் அதையும் கொண்டுபோங்கள். நெஞ்சில் அடைப்பது போல நோவு வந்தால் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

அப்படியானால் இயற்கையாகக் கொலஸ்ட்ரோலைக் குறைக்க வழியே இல்லையா? உண்டு. ஆனால் அது பையில் வராது.

எமது ஈரல் கொலஸ்ட்ரோலைக் கொண்டு பித்தநீரைச் செய்கிறது. பித்தநீர் குடலுக்கு வந்து கொழுப்பைச் சமிக்கச் செய்துவிட்டு, பெரும்பகுதி மீண்டும் ஈரலுக்கே திரும்பிவிடும். பருப்பு, பயறு, கௌபி, கடலை, வெண்டைக்காய், ஓட்ஸ் போன்றவற்றில் தண்ணீர் பட்டால் கூழாகும் ஒரு வகை நார் உண்டு. வெண்டைக்காயின் வழுவழுப்பைத் தொட்டவர்களுக்கு இது புரியும். அந்தக் கூழ் குடலில் பித்தநீரைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியே போகிறது. ஈரலுக்குப் பித்தநீர் குறையும்போது, புதிதாகச் செய்ய இரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ரோலை இழுத்துக்கொள்கிறது. இரத்தத்தில் அது குறைகிறது.

கனடாவின் மருத்துவச் சஞ்சிகையொன்று 2014இல் 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 130 கிராம் அவித்த பருப்பு வகை சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். 5 வீதமளவு குறைந்தது. 130 கிராம் என்றால் முக்கால் கோப்பை. காய்ந்த பருப்பாக ஆளுக்கு 50 கிராம் அளவு, ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் கால் கிலோ. 5 வீதம் என்பது சிறிய அளவுதான் என்பதை நாம் மறைக்கவில்லை. 160 இருந்தால் 152 ஆகும். குளிசை தேவைப்பட்டவருக்கு அது குளிசையின் இடத்தைப் பிடிக்காது. குளிசை இன்னும் தேவைப்படாத வீட்டு இளையவர்களுக்கோ, பருப்பும் கீரையும் நடையும் வருடக்கணக்கில் சேர்ந்தால் அது பெரிய உதவி.

தேங்காயைப் பற்றி எம்மிடம் கேட்காத வீடு இல்லை. தேங்காயில் கொலஸ்ட்ரோல் கிடையாது, ஆனால் எல்.டி.எல்.லைக் கூட்டும் வகைக் கொழுப்பு அதில் அதிகம். தேங்காயெண்ணெய் மற்ற மரக்கறி எண்ணெய்களைவிட எல்.டி.எல்.லைக் கூட்டுகிறது என்று 2020இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதினார்கள். இலங்கையிலேயே 60 பேருக்குத் தேங்காய்ப்பால் கஞ்சி கொடுத்துப் பார்த்து 2013இல் வெளியிட்ட ஆய்வில் கஞ்சியால் கெடுதல் காணப்படவில்லை. இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது, இலைக்கஞ்சிக்குச் சிறிது பால் விடுவதில் பயமில்லை, தேங்காயெண்ணெயில் தினமும் வடை சுடுவதுதான் தவறு என்பது எமது அபிப்பிராயம்.

சரி, பருப்பையும் கீரையையும் இடம்பெயர்ந்தவர் எங்கே போய்த் தேடுவார்? எமது மனத்தை உறுத்துவது இதுதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் ஊவாவின் மலைகள் பல இடங்களில் சரிந்தன. செத்தவர்களைக் கணக்கெடுத்தார்கள், இடிந்த வீடுகளைக் கணக்கெடுத்தார்கள். லயத்துக்குப் பின்னால் இருந்த போஞ்சிப் பந்தலையும், பீலிக்கரை வல்லாரையையும், பசறைக்குக் கீழே லுணுகலை, பிபிலைப் பக்கத்தில் நின்ற முருங்கையையும், சேனையில் போட்டிருந்த குரக்கனையும் கௌபியையும் யார் கணக்கெடுத்தார்கள்? அந்தப் பாத்தியில் காசு கொடுக்காமல் கிடைத்ததைத்தான் இன்று வேறு பெயரில் போத்தலில் அடைத்து எம்மிடம் விற்க வருகிறார்கள்.

மலையகத்தில் கட்டப்பட்ட வீடமைப்புத் திட்டங்கள் பலவற்றில் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணி என்று பேசப்பட்டது. 7 பேர்ச் என்றால் 1,900 சதுர அடிக்குச் சற்று மேல். 550 சதுர அடி வீடு கட்டினால், வழிக்கும் மலசலகூடத்துக்கும் கானுக்கும் விட்டதுபோக, 500 சதுர அடியாவது மிஞ்ச வேண்டும். ஒரு குடும்பத்தின் கீரைக்கும் போஞ்சிக்கும் அது போதும். ஆனால் வெட்டிய சரிவில் மேல்மண் முழுவதையும் வழித்துத் தள்ளிவிட்டு, செம்மண் கட்டியின் மேல் வீட்டை வைத்துக் கொடுத்தால் அங்கே புல்கூட முளைக்காது. கட்டடம் கட்டும்போதே மேல்மண்ணை ஓரமாகக் குவித்து வைத்து, பிறகு வீட்டின் பின்புறம் பரப்பிக் கொடுப்பதற்குப் பெரிய செலவில்லை. பிரதேச செயலகத்திலும் தோட்ட நிர்வாகத்திடமும் தொண்டு நிறுவனங்களிடமும் எமது வேண்டுகோள் இதுதான். எமது பங்கு மக்கள் முன்னின்று நடத்தும் வேலைகளிலும் இதையே கேட்கிறோம்.

காணிக்கூட்டத்துக்குக் கூப்பிடும்போது வீட்டுப் பெண்களும் போக வேண்டும். வீட்டின் படத்தைக் காட்டினால், அறை எத்தனை என்று கேட்டபிறகு, பாத்தி எந்தப் பக்கம், மழைநீர் எந்தக் கானில் போகும், தள்ளிய மேல்மண்ணை எங்கே வைப்பீர்கள் என்றும் கேளுங்கள். பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.