சின்னத்துரையின் தகுதியைச் சொல்ல வேண்டியவர் யார்?

சப்ரகமுவவின் மலைச்சாரல்களிலே, பலாங்கொடை முதல் எட்டியாந்தோட்டை வரை பரந்து கிடக்கும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களுக்குப் புதிய சின்னத்துரைமார் வந்துகொண்டேயிருக்கின்றனர். வந்தவர் வந்த அன்றே நிலைபெற்று விடுவதில்லை. பயிற்சிக் காலம் என்றும் தகுதிகாண் காலம் என்றும் சொல்லி அவரைச் சோதித்துப் பார்க்கின்றனர். சோதிப்பது நன்றே. நூற்றுக்கணக்கான மக்களின் உழைப்பும் உறைவிடமும் ஒருவர் கையில் ஒப்படைக்கப்படும்போது, அவர் குணம் எத்தகையது, நடத்தை எத்தகையது என்று ஆராயாமல் விடுவது மடமையாகும். நாம் கேட்பது ஒன்றே: அந்தக் குணத்தை அளப்பவர் யார்? எந்தக் கோல்கொண்டு அளக்கின்றார்?

பெரிய துரை அளக்கிறார். கொழும்பிலுள்ள கம்பனிக் காரியாலயம் அளக்கிறது. கொழுந்தின் நிறை, இறப்பர்ப் பாலின் அளவு, செலவுக் கணக்கு, மேலிடத்துக்குக் காட்டும் பணிவு ஆகியவையே அளவுகோல்கள். அதிகாலையிலே பிரட்டுக்களத்தில் அவர் வாயிலிருந்து புறப்படும் சொல்லைத் தாங்கி நிற்பவள் எவளோ, அவளிடம் ஒரு வார்த்தை கேட்கும் வழக்கம் தோட்ட மரபிலே தோன்றவேயில்லை. வைத்தியரின் கைராசியை நோயாளியிடம் விசாரியாமல் மருந்துக்கடைக்காரரிடம் விசாரிப்பது போன்றதன்றோ இது?

இம்மரபு நேற்று முளைத்ததன்று. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கட்டளைக்குப் பணியாமை, அடங்காப் பேச்சு, வேலையில் பெரும் அசட்டை ஆகியவற்றைத் தொழிலாளி செய்யும் குற்றங்களாக எழுதி வைத்தது. அவற்றுக்கு மூன்று மாதம் வரை சிறைவாசம் விதிக்கவும் வழி செய்தது. தொழிலாளியின் மனப்போக்கு நீதவான் முன் நிறுத்தப்படும் பொருளாயிற்று! கீழே நிற்பவன் குரலை உயர்த்தினால் குற்றம். மேலே நிற்பவன் குரலை உயர்த்தினால் நிர்வாகம்! அந்தச் சிறைத்தண்டனை 1920களின் தொடக்கத்திலே ஒழிந்தது. அதைப் பெற்றெடுத்த எண்ணம் ஒழிந்ததா?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கொழும்பு பெர்குசன் பதிப்பகத்தார் சின்னத்துரைமாருக்கென்றே ஒரு சிறு தமிழ்க் கைந்நூலை வெளியிட்டனர். அதன் பெயர் 'இங்கே வா'. 'வாருங்கள்' என்ற சொல்லும் தமிழில் உண்டு. ஆயினும் துரையாக வருபவன் முதலில் கற்க வேண்டியது ஏவல் என்றே அன்று முடிவு கட்டினர். வெள்ளைத்துரை போனார், 1970களில் நிலச் சீர்திருத்தத்தோடு அரசாங்கத்துரை வந்தார், 1992க்குப் பின் கம்பனித்துரை வந்தார். துரை மாறினார்; துரையை அளக்கும் கோல் மாறவில்லை.

அந்தக் கோல் எத்துணைக் கோணலானது என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1936இல் அவுஸ்திரேலியாவிலிருந்து பிரேஸ்கர்டில் என்ற இளைஞர் தோட்டத்தொழில் பழக இந்நாட்டுக்கு வந்தார். மடுல்கலைப் பகுதியிலுள்ள ரெலுகாஸ் தோட்டத்திலே, 'கிரீப்பர்' என்று அந்நாளில் அழைக்கப்பட்ட பயிற்சித்துரையாக அமர்ந்தார். தொழிலாளர் வாழ்வின் இழிநிலையைக் கண்டார். கண்டதை மறைக்காமல் பேசினார். அவர்கள் பக்கம் சாய்ந்தார். வேலை போயிற்று! பின்னர் சமசமாஜக் கட்சியில் சேர்ந்து தொழிலாளருக்காக மேடையேறினார். 1937 ஏப்ரலில் அவரை நாடு கடத்தும்படி தேசாதிபதி ஸ்டப்ஸ் ஆணை பிறப்பித்தார். மே மாதத்திலே உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ஏற்க மறுத்து அவரை விடுதலை செய்தது. அன்று அவருக்குத் துணை நின்ற சமசமாஜத் தலைவர்களுள் ஒருவரான என். எம். பெரேரா, நமது கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லத் தொகுதி 1936இல் அரசாங்க சபைக்கு அனுப்பிய உறுப்பினராவார்.

இதன் பொருள் என்ன? ஓர் இளந்துரையிடம் எந்தக் குணம் இருந்தால் அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமோ, அந்தக் குணத்துக்காகவே அவரைத் தள்ளினர். தேர்வு தவறவில்லை, தேர்வின் நோக்கமே அதுவாக இருந்தது.

'ஒழுங்கு கெட்டுவிடும், கீழுள்ளவரிடம் அபிப்பிராயம் கேட்டால் எந்த நிறுவனமும் நடவாது' என்று சிலர் பதறுவர். ஒழுங்கு சிறிது குலைந்தாலும் உயிர் போகும் தொழிலொன்றை அவர்களுக்குக் காட்டுவோம். அது ஆகாயவிமானம் ஓட்டும் தொழில்.

1977 மார்ச் 27ஆம் நாள், ஸ்பெயினுக்குரிய தெனெரீப் தீவிலே இரண்டு பெருவிமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். அனுமதி கிட்டுமுன்னே விமானத்தை ஓடவிட்ட டச்சுத் தலைமை விமானி கற்றுக்குட்டி அல்லர். தமது நிறுவனத்தில் பிற விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்துச் சோதிப்பவர். அருகே அமர்ந்திருந்த துணைவிமானிக்கு அவ்வகை விமானத்துக்குரிய தகுதிச் சோதனையை நடத்தியவரும் அவரே! மற்ற விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளர் ஐயத்தோடு கேட்டார். விலகிவிட்டதென்று தலைமை விமானி உறுதியாகச் சொல்லிவிட்டார். அந்த உறுதிக்கு மேல் எவரும் பேசவில்லை. சில வினாடிகளில் எல்லாம் முடிந்தது.

இத்தகைய விபத்துகளிலிருந்து உலகம் பாடம் கற்றது. 1979இல் அமெரிக்காவின் நாசா நிறுவனம் இதற்கென்றே ஓர் ஆய்வரங்கைக் கூட்டியது. 1981 முதல் பெரிய விமானக் கம்பனிகள் புதிய பயிற்சி முறையைப் புகுத்தத் தொடங்கின. இன்று புதிய விமானியைச் சோதிக்கும்போது கைத்திறன் மட்டும் பார்க்கப்படுவதில்லை. துணைவர் எச்சரித்தால் செவிகொடுக்கிறாரா? தமது தவற்றை ஒப்புக்கொள்கிறாரா? மூத்தவர் பிழை செய்தால் அஞ்சாது எடுத்துச் சொல்கிறாரா? இவையும் தகுதிகளாகவே எடைபோடப்படுகின்றன. இதனால் விமானத்தில் ஒழுங்கு குலைந்ததா? இல்லை, ஒழுங்கு வலுத்தது.

'தோட்டம் விமானமா? துரை கடுஞ்சொல் சொன்னால் உயிரா போய்விடும்?' என்று கேட்போரைக் கேகாலைக்கு அழைக்கிறோம். 2016 மே 17ஆம் நாள் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை விழுங்கியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்து லயம் மண்ணுள் புதைந்தது. 2025 நவம்பரில் டித்வாப் புயல் மலைநாட்டை மீண்டும் உலுக்கியது. இயற்கையின் சீற்றத்துக்கு எந்தத் துரையையும் நாம் குற்றவாளியாக்கவில்லை. நாம் சொல்வது வேறு. நிலத்தில் வெடிப்பு விழுவதையும், மரம் சாய்வதையும், ஊற்று நீர் திடீரெனக் கலங்குவதையும் முதலில் காண்பவள் லயத்திலே வாழும் தொழிலாளியே. அவள் பங்களாவுக்குச் சென்று அச்சமின்றிச் சொல்லத்தக்க துரை இருந்தால் ஒரு லயம் பிழைக்கும். 'வேலைக்குப் போகாமலிருக்கச் சாக்குச் சொல்கிறாயா?' என்று சீறும் துரையிடம் ஒருமுறை அவமானப்பட்டவள் மறுமுறை வாய் திறப்பாளா? குளவி கொட்டியவரை எடுத்துச் செல்வதற்கும், நள்ளிரவில் பிள்ளைப்பேற்று வேதனையில் துடிப்பவளுக்கு வாகனம் கொடுப்பதற்கும் இது பொருந்தும். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பகுதிகளிலே தமிழர் மீது வன்முறை பாய்ந்ததை நம்மவர் மறக்கவில்லை. அத்தகைய இரவுகளில் தோட்டத்தின் தலைமையில் இருப்பவனின் குணமே வேலியாகும். அல்லது வேலியில் திறந்த வழியாகும்.

இன்னொரு தடையும் எழுப்புவர்: 'வேலை வாங்காத துரையையே தொழிலாளர் நல்லவரென்பர்.' இது உழைக்கும் மக்களை அறியாதார் கூற்று. கண்டிப்பான துரைக்கும் கேடான துரைக்கும் உள்ள வேற்றுமையைத் தொழிலாளர் நன்கறிவர். நிறையைச் சரியாகப் போட்டு, பேரைச் சரியாகப் பதிந்து, வேலையையும் சரியாக வாங்கிய துரையைத் தலைமுறை கடந்தும் மரியாதையோடு பேசும் மக்கள் அவர்கள். உழவர் மாடு வாங்கும்போது விற்பவன் புகழ்ச்சியை மட்டும் நம்புவதில்லை. அந்த மாட்டைப் பூட்டி உழுதவனிடம் விசாரிக்கின்றனர். உழவர்க்குள்ள இந்த அறிவு கம்பனிகளுக்கு ஏன் இல்லை?

ஆகவே நாம் கோருவன இவை. சின்னத்துரையின் தகுதிகாண் காலம் முடியுமுன், தொழிலாளர், கங்காணி, கணக்கப்பிள்ளை, மருத்துவிச்சி, பிள்ளைக்காமராவில் பணிபுரிபவர் ஆகியோரின் கருத்தை, அந்தத் தோட்டத்துப் பெரிய துரைக்கு அப்பாற்பட்ட ஒருவர் நேரில் கேட்டு, பெயர் வெளிவராதபடி எழுத வேண்டும். அவர்களுள் சிங்களக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வருவோரும் அடங்குவர். இது இனத்தின் கோரிக்கையன்று, உழைப்பவரின் கோரிக்கை. தமிழில் ஏவத் தெரிகிறதா என்பதோடு, தமிழில் சொல்லப்படும் முறைப்பாட்டைக் கேட்டு விளங்கிக்கொள்ளத் தெரிகிறதா என்றும் சோதிக்க வேண்டும். தொழிலாளி சொன்னதை ஏற்று ஒரு கட்டளையையாவது மாற்றினாரா என்ற கேள்வி அந்தப் பத்திரத்தில் இடம்பெற வேண்டும். 1979இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட பெருந்தோட்ட முகாமைத்துவ நிறுவகம் இதனைப் பாடமாக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சில் காட்டும் வேகத்திற் பாதியையேனும் இதிற் காட்ட வேண்டும்.

தோட்டத்து லயங்களில் பிறந்து, இன்று ஆசிரியராகவும் வழக்கறிஞராகவும் வைத்தியராகவும் விளங்கும் நம்மவர்க்கு ஒரு சொல். உங்கள் தாய்மாரை 'இங்கே வா' என்றழைத்த குரலுக்கு எவரும் மதிப்பெண் போடவில்லை. உங்கள் தங்கைமாரை அழைக்கும் குரலுக்காவது மதிப்பெண் போடும் உரிமையை அவர்களுக்குப் பெற்றுக்கொடுங்கள். கூடையைச் சுமப்பவளே துரையின் தகுதியை அறிவாள். அவளைக் கேளாமல் வழங்கப்படும் தகுதிச் சீட்டு வெறுங் காகிதமேயாகும்.